மூச்சால் பாடியவர்: நாதஸ்வரத்தையே மாற்றிய டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் கதை

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் அவர் பக்கத்தில் இன்னொருவரும் இருப்பார். அவர் கையிலும் நீளமான குழல்தான், ஆனால் விரல் அசையாது. ராகம் கிடையாது, ஒரே சுரம், அதுவும் நிற்காமல். அந்தக் குழலுக்குப் பெயர் ஒத்து. யாரையாவது ஒத்து ஊதுறான் என்று திட்டுகிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான்.

ஒத்துக்காரருக்கு ஒரே விதி. சத்தம் அறுபடக் கூடாது. அப்படியானால் அவர் மூச்சு எடுப்பது எப்போது? மூக்கால் காற்றை இழுக்கும் அதே நொடியில், கன்னத்தில் தேக்கி வைத்த காற்றைச் சீவாளிக்குள் தள்ளிக்கொண்டே இருப்பார். கச்சேரி முடியும்வரை இப்படித்தான். கைதட்டல் என்னவோ பக்கத்தில் இருப்பவருக்கு!

இந்த ஒத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தம்புராவை வைத்தவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வர சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்டவர்.

பாட்டில் தொடங்கியவர்

நாகப்பட்டினம் பக்கம் திருமருகலில் 1898-ல் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். அப்பா குப்புசாமி பிள்ளை. தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாதஸ்வர வித்வான். பையனைத் தத்தெடுத்து வளர்த்தவர் அவர்தான். ஊரின் ‘டி’யும் மாமாவின் ‘என்’னும் சேர்ந்து டி.என். ஆனது.

பையன் முதலில் கற்றுக்கொண்டது குழல் இல்லை, வாய்ப்பாட்டு. குரு, பிடில் வித்வான் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர். அதன் பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரம். இந்த வரிசை முக்கியம். பாடிப் பழகியவருக்கு ஒரு சொற்றொடர் எங்கே மூச்சு வாங்கும், எங்கே வாங்கக் கூடாது என்பது உடம்பிலேயே தெரிந்திருக்கும். பிற்காலத்தில் அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் குழல் பாடுகிறது என்று வியந்ததற்கு அடித்தளம் இங்கேதான் விழுந்தது.

நாதஸ்வரத்தில் விரல் துளைகள் ஏழுதான். கமகம், நெளிவு, குழைவு எல்லாம் விரலால் மட்டும் வந்துவிடாது. சீவாளியை உதடு எவ்வளவு அழுத்துகிறது, காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்து அதே துளையில் சுரம் ஏறும், இறங்கும். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டி வாசித்தால் அது துத்துக்காரம். தட்டாமல் ஒரே மூச்சில் வழியவிட்டால் அகாரம். பாட்டுக்காரர் மாதிரி ராகத்தை இழைக்க வேண்டுமானால் இரண்டாவதில் மூச்சு பிடித்தாக வேண்டும்.

அப்போது புழக்கத்தில் இருந்தது திமிரி. நீளம் குறைவு, சுருதி உச்சம். தேர் முன்னால் தெருவே அதிர வாசிக்கச் சரியான கருவி. மைக் இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் நிதானமாக, தாழ்ந்த குரலில் ஒரு ராகத்தை விரிக்க அது இடம் கொடுக்கவில்லை. அதிலும் சுத்த மத்யமம் சரியாகப் பேசாது என்பது அவருடைய குறை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகக் குழலை நீளமாக்கினார், துளைகளின் கணக்கை மாற்றினார். அதுதான் பாரி நாயனம். தோடி என்றாலே ராஜரத்தினம் என்று ஆனது இந்தக் குழலில்தான். தோடியில் வருவதும் அந்தச் சுத்த மத்யமம்தான் என்பதைக் கவனியுங்கள்.

நின்றுகொண்டே ஊத முடியாது

நாதஸ்வரக்காரர்கள் அன்று பெரும்பாலும் நின்றபடியோ நடந்தபடியோ வாசித்தார்கள். ராத்திரி முழுக்க நான்கு வீதி சுற்ற வேண்டும். ஜமீன்தார் எதிரில் சட்டை போடக் கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். பாட்டு வித்வான் மட்டும் மேடையில் சம்மணம் போட்டு உட்காரலாம்.

திருவாவடுதுறை ஆதீன வித்வான் ராஜரத்தினம் இதற்கு உடன்படவில்லை. கிராப் வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டார், மேடை போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். திமிர் பிடித்தவர் என்று பேர் வந்தது. இதை மரியாதைப் பிரச்சினையாக மட்டும் சுருக்கிவிடுகிறோம். நடந்துகொண்டே வாசிப்பவனின் நெஞ்சுக் காற்றில் பாதி காலுக்கே போய்விடும் அல்லவா? மணிக்கணக்கில் ஒரே ராகத்தை ஆலாபனை செய்ய உட்கார இடம் வேண்டும், அடக்கமான சுருதி வேண்டும், நீளமான குழலும் வேண்டும். மூன்றையும் அவர் சண்டை போட்டு வாங்கினார்.

இதில் தோற்றுப்போனவர் ஒத்துக்காரர். தம்புரா வந்தது, அடுத்து சுருதிப்பெட்டி, இன்றைக்கு மின்சாரப் பெட்டி. ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து நிறுத்திய சுரத்தை ஒரு சுவிட்ச் நிறுத்திவிடுகிறது. அந்தப் பிழைப்பு போனதற்கும் சக்கரவர்த்தியின் புகழுக்கும் தொடர்பு உண்டு என்பதை மறைக்க முடியாது.

1940-ல் ‘கவி காளமேகம்’ படத்தில் கதாநாயகன். 1947-ல் சுதந்திரத்தையொட்டி டெல்லியில் ஒலித்ததும் இவர் நாதஸ்வரம்தான். 1956 டிசம்பர் 12-ல் காலமானார். வயது 58.

மிச்சம் இருப்பவை இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் மணிக்கணக்கான தோடி அதில் நசுங்கிப்போய்த்தான் கிடைக்கிறது. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தை எல்லோருக்கும் தெரியும். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு சிங்காரவேலனுக்காகப் போட்டி போட்டு வாசிப்பவர் அவர்தான். அடுத்த முறை கேட்கும்போது, குரல் எங்கே முடிகிறது, குழல் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள்.