வல்லம் தந்த எண்ணறிஞர்

தகடூர் மண்ணில் பிறந்தோர்க்குக் கொடை என்றதும் அதியமானின் நெல்லிக்கனியே நினைவுக்கு வரும். புலமையைக் காப்பதற்கெனத் தனக்குரியதைத் துறந்த செயல் அது. நம் மன்றத்தின் பத்தாமாண்டு மலரில் அவ்வழி வந்த ஒரு கொடையையும், அதனால் தழைத்த ஒரு கணிதப் புலமையையும் நினைவுகூர விழைகின்றேன்.

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. ஓராண்டு நிறையும் முன்பே தாயை இழந்தார். பள்ளியின் இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். அத்துடன் கல்வி முற்றுப்பெற்றிருக்கும். சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் தம் வருவாயிலிருந்து உதவிக் கைதூக்கிவிட்டார். நாகர்கோயிலிலும் திருவனந்தபுரத்திலும் கற்றுத் தேறிய பிள்ளை, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வில் அமர்ந்தார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவர் வாழ்வின் பொற்காலம் சிதம்பரத்தில் கழிந்த அப்பன்னிரண்டு ஆண்டுகளே.

அவர் கைக்கொண்ட வினா பழமையானது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம் என்று 1770இல் லக்ராஞ்சு நிறுவினார். கன எண்களாயின் ஒன்பதும், நான்காம் அடுக்காயின் பத்தொன்பதும் போதும் என்று அதே ஆண்டில் வாரிங் கூறினார், மெய்ப்பிக்கவில்லை. மேலுள்ள அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும்? ஏழாம் அடுக்கு முதலாக, ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட எல்லா அடுக்குகளுக்கும் பிள்ளை 1935, 1936ஆம் ஆண்டுகளில் விடை கண்டார். ஆறாம் அடுக்கிற்கு 73 என்பதை 1940இல் நிறுவினார்.

அதே காலத்தில், அதே விடையைத் தனித்து அடைந்தவர் அமெரிக்கரான டிக்சன். அவர் 1896இல் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு, வரிசைமாற்றப் பல்லுறுப்புக்கோவைகள் பற்றியது. பெயர் கண்டு அஞ்சவேண்டா. 0, 1, 2, 3, 4 என்னும் ஐந்து எண்களே உள்ள ஓர் உலகைக் கொள்வோம்; ஐந்தால் வகுத்து எஞ்சும் மீதியே அங்கு விடை. ஒவ்வொன்றையும் கனமாக்கினால் 0, 1, 3, 2, 4 என வரும். ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இருமுறை வரவில்லை, இடம் மட்டுமே மாறிற்று. வர்க்கமாக்கினாலோ 0, 1, 4, 4, 1 என வந்து, 2உம் 3உம் காணாமற் போகும். எச்சூத்திரம் எல்லாரையும் காக்கும், எது சிலரை இழக்கும் என்பதே அவ்வாய்வின் வினா. சீர்களை மாற்றி வைத்தும் சொல் ஒன்றும் இழவாத பாவலர்க்கு இது புதிதன்று. வாரிங் கணக்கை ஆராய்வோரும் இத்தகைய சிற்றுலகங்களில் அடுக்குகள் பரவும் முறையைக் காண வேண்டியவர்களே.

டிக்சன் புகழ்பெற்ற பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்தார். பிள்ளையின் கட்டுரைகள் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் இந்தியக் கணிதக் கழக இதழிலும் வெளிவந்தன. ஆயினும் இன்று அத்தேற்றத்தோடு இருவர் பெயரும் இணைத்தே சொல்லப்படுகின்றன. சிறிய இதழில் எழுதியதும் மெய்யாயின் நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும், மறு ஆண்டில் கல்கத்தாவிற்கும் சென்றார் பிள்ளை. 1950இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுத் தங்கலுக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவை விட்டெழுந்த வானூர்தி பாலைவனத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேருள் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு அகவை 49.

நான்காம் அடுக்கிற்குப் பத்தொன்பது போதும் என்பதை 1986இல் நிறுவிய மூவருள் ஒருவர் தமிழரான இரா. பாலசுப்பிரமணியன். பிள்ளையின் ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவரச் செய்த பதிப்பாசிரியருள்ளும் அவர் ஒருவர். ஓர் ஆசிரியர் தம் வருவாயைப் பகிர்ந்ததன் பயன் இத்துணைத் தொலைவு சென்றது. நம் வகுப்பறைகளிலும் நம் மன்றத்து இளங்கவிஞர்களிடையேயும் கைதூக்கிவிட வேண்டியவர் யார் என்று நோக்குவதே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.