ஸர் பிட்டி தியாகராயரும் பள்ளிச் சிறாரின் பகலுணவும்

நம் மரபில் தோன்றி நாடெங்கும் புகழ் பரப்பிய பெரியோருள் ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார் அவர்கள் தலையாயவர். அன்னாரது அரசியல் வாழ்வைப் பலரும் பேசுவர். ஆனால் ஏழைப் பிள்ளைகளின் பசியை ஊரறிந்த பொதுக்கணக்கில் ஏற்றிய அவரது அருஞ்செயலை எண்ணுவார் சிலரே. அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். சென்னை இராஜதானிக் கல்லூரியில் பயின்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின்னும் குலத்தொழிலாகிய நெசவைக் கைவிட்டாரில்லை. தறிகள் பல நிறுவித் துணி நெய்வித்தார். பிட்டி என்னும் பெயர் தாங்கிய கைக்குட்டைகள் கடல் கடந்தும் விலைபோயின. 1882இல் சென்னைக் கார்ப்பொரேஷன் அங்கத்தினராகி, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நகரப் பணியாற்றினார். 1916இல் டாக்டர் நாயர், டாக்டர் நடேச முதலியார் ஆகியோருடன் கூடித் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது, முதன்மந்திரிப் பதவி அவரை நாடி வந்தது. அதனை ஏலாது சுப்பராயலு ரெட்டியாருக்கு வழிவிட்டார்.

அவ்வாண்டிலேயே, கார்ப்பொரேஷன் தலைவராக அவர் வீற்றிருந்த காலத்தில், ஆயிரம் விளக்கிலுள்ள கார்ப்பொரேஷன் பள்ளியின் நிலை ஆலோசனைக்கு வந்தது. வறுமையால் பிள்ளைகள் வருவது குறைந்திருந்தது. வயிறு காய்ந்த பிள்ளைக்கு ஏடு எங்ஙனம் ஏறும்? 1920 செப்டம்பர் 16ஆம் நாள், அப்பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கச் சபை தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என வரம்பும் விதித்தது. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இவ்வுதவி பரவியது.

இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது யாதெனில், அன்னாரது முறையேயாம். செல்வர் ஒருவர் இடும் அன்னத்தை உண்பவன் அதன் குறை நிறைகளைக் கேட்டல் அரிது. பொதுப்பணத்தில் இடும் அன்னத்தையோ, யாவரும் கேட்கலாம். சபையில் தீர்மானித்து, தொகை குறித்து, ஏட்டில் ஏற்றியமையால் அது பிச்சையாகாது உரிமையாயிற்று.

எனினும் கணக்குப் பார்க்குங் கண்ணும் இருவகைத்து. 1925இல், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடல் கூடாதென அரசாங்கம் தடுத்தது. உணவு நின்றது, பிள்ளைகளின் வரவும் குறைந்தது. ஏட்டைக் கண்ட கண் இலையைக் காணவில்லை. அவ்வாண்டிலேயே தியாகராயரும் மறைந்தார்.

அவர் இட்ட வித்தோ மறையவில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தமிழகமெங்கும் பரவியது; 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாய் விரிந்தது. 1995இல் தேசியத் திட்டமாயிற்று. சமைத்த உணவே அளிக்க வேண்டுமென 2001இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்ட உரிமையாக்கியது.

எனினும் அதே 2013இல், பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் பூச்சிமருந்து கலந்த உணவை உண்டு இருபத்துமூன்று குழந்தைகள் மாண்டனர். பார்ப்பாரின்றிச் சமைத்த உணவு நஞ்சாதலும் உண்டென்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ? 2015இல் வகுத்த விதிகளின்படி, பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவரேனும் உள்ளிட்ட பெரியோர் இருவர் மூவர் அவ்வுணவைச் சுவைத்துப் பார்த்தல் வேண்டும். பெற்றோர் அங்கம் வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மேற்பார்வை செய்தல் வேண்டும். ஊரார் கூடித் தணிக்கை செய்யும் சமூகத் தணிக்கையும் இப்பொழுது திட்டத்தின் ஓர் அங்கமாகும்.

ஆகவே சகோதர சகோதரிகளே, தியாகராயர் படத்துக்கு மாலையிடுவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. நும் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நண்பகல் செல்லுங்கள். அரிசியைக் காணுங்கள், எண்ணெயை முகருங்கள், ஒரு கவளம் உண்டு பாருங்கள். குறை கண்டால் குழுவிற் கூறி ஏட்டிற் பதியச் செய்யுங்கள். அப்பிள்ளை எக்குலத்துப் பிள்ளையாயினும் ஆகுக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் மெய்யான வழிபாடாம்.