காற்றை மின்சாரமாக்கிய கிராமத்து வாத்தியார் பௌல் லா கூர்

ஊரில் நாலைந்து விவசாயிகள் சேர்ந்து காற்றாலை போடலாம் என்று பேச்செடுத்தால் முதலில் என்ன கேட்பார்கள்? இயந்திரம் என்ன விலை, எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். காற்று நின்ற நாளில் என்ன செய்வது, பழுது வந்தால் யார் பார்ப்பது, செலவை எப்படிப் பகிர்வது என்ற பேச்சு கடைசியில்தான் வரும். பல இடங்களில் வருவதே இல்லை. அந்தக் கடைசிக் கேள்விகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடிய ஒருவரின் கதையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறோம். சிறிய காற்றாலை பற்றிய எண்ணம் உங்களுக்கு இருந்தால் இவர் கதை தெரிந்திருப்பது நல்லது.

அவர் பெயர் பௌல் லா கூர். 1846ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில் எபெல்டொஃப்ட் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். படித்தது வானிலை அறிவியல். 1872இல் டென்மார்க்கின் வானிலை ஆய்வு மையம் தொடங்கியபோது அதன் துணைத் தலைவர் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பும் முயற்சியிலும் இறங்கினார். அதற்காக, இசைக்கவையின் அதிர்வுக்கு ஏற்ப மாறாத வேகத்தில் சுழலும் ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்தார். தலைநகரிலேயே இருந்திருந்தால் பெரிய பதவியும் பணமும் வந்திருக்கும்.

அவரோ 1878இல் அஸ்கோவ் என்ற கிராமத்துக்கு வாத்தியாராகப் போய்விட்டார். அங்கே விவசாயக் குடும்பத்து இளைஞர்களுக்கான உயர்நிலை மக்கள் பள்ளி ஒன்று இருந்தது. அதில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தார். பிறகு சாகும் வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

அந்தக் காலத்து டென்மார்க் விவசாயியின் நிலையை நீங்கள் எளிதில் புரிந்துகொள்வீர்கள். அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் வந்து இறங்க, உள்ளூர் தானியத்துக்கு விலையில்லாமல் போனது. விவசாயிகள் கறவை மாட்டுக்கு மாறினார்கள். 1882 முதல் கூட்டுறவுப் பால் பண்ணைகள் ஊர் ஊராகத் தோன்றின. ஆனால் மின்சாரம் நகரத்தோடு நின்றுவிட்டது. நகரத் தொழிற்சாலையில் மோட்டார் ஓடியது, கிராமத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். இளைஞர்கள் நகரத்துக்குக் கிளம்பினார்கள். கிராமத்துக்கும் மின்சாரம் வர வேண்டும் என்று லா கூர் நினைத்தார். டென்மார்க்கில் சொந்த நிலக்கரி கிடையாது. தாராளமாகக் கிடைத்தது காற்று ஒன்றுதான்.

1891இல் அரசு உதவியோடு அஸ்கோவில் சோதனைக் காற்றாலை ஒன்றைக் கட்டினார். மாவு அரைக்கும் காற்றாலைகள் அந்த நாட்டில் ஏற்கெனவே ஏராளம். அவற்றோடு டைனமோவைப் பூட்டுவதும் பெரிய காரியமில்லை. காற்று ஒரே சீராக வீசாததுதான் சிக்கல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இப்படி ஏறி இறங்கும் விசையில் டைனமோவை நேராகப் பூட்டினால் விளக்கு ஒரு நொடி கண்ணைக் கூசும், மறுநொடி மங்கும். இதற்கு அவர் எடைக்கட்டியும் பெல்ட்டும் கொண்ட ஒரு சாதனத்தைச் செய்தார். டைனமோவுக்கு அளவான விசை மட்டும் போகும், மிஞ்சியது பெல்ட் வழுக்கிக் கழிந்துவிடும். ஊரில் உள்ள கொல்லரே பழுது பார்க்கக்கூடிய அளவுக்கு எளிய அமைப்பு அது.

அடுத்தது சேமிப்பு. காற்று இரவு பகல் பார்ப்பதில்லை, விளக்கு வேண்டியதோ இருட்டிய பிறகு. பேட்டரி அப்போது விலை அதிகம். அதனால் லா கூர் வேறு வழியில் போனார். காற்றாலை மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தி, தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரித்துத் தொட்டிகளில் சேர்த்தார். 1895 முதல் பள்ளிக்கூடத்தில் அந்த வாயுவில்தான் விளக்கு எரிந்தது. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் பசுமை ஹைட்ரஜனை ஒரு கிராமத்துப் பள்ளி அன்றே எரித்திருக்கிறது! ஆனால் வாயு கலந்து வெடித்துப் பள்ளியின் சன்னல் கண்ணாடிகள் பலமுறை நொறுங்கின. ஏழு ஆண்டுகள் இப்படி ஓடிய பிறகு, 1902இல் வாயு விளக்கை விட்டு பேட்டரிக்கு மாறினார். தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அதைப் பிடித்துத் தொங்கவில்லை. எங்களுக்கு இவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

பேட்டரியிலும் ஒரு தொல்லை உண்டு. காற்று குறைந்ததும் மின்சாரம் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்ப ஓடிவிடும். ராத்திரி முழுக்கக் காவலுக்கு ஆள் போட முடியுமா? அதனால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சையும் செய்து வைத்தார்.

இறக்கைகளையும் அவர் விடவில்லை. காற்றைக் குழாய் வழியே ஊதி, சின்ன மாதிரி இறக்கைகளை அதில் வைத்துச் சோதித்தார். மின்சாரம் எடுக்கக் குறைவான இறக்கைகளோடு வேகமாகச் சுற்றும் காற்றாலையே மேல் என்று அதில் தெரிந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் காற்றாடியில் நிறைய இறக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். அது மெதுவாகச் சுற்றினாலும் பாரத்தை இழுக்கும். டைனமோவுக்கு வேண்டியது வேகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கினால் பணம் வீண்.

இதுவரை சொன்னது ஆராய்ச்சி. ஊர்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட வேலை 1903இல் தொடங்கியது. அந்த ஆண்டு அவர் முன்னின்று டென்மார்க் காற்று மின்சாரச் சங்கத்தை அமைத்தார். மின் நிலையம் வேண்டும் என்று கேட்கும் கிராமத்துக்கு அந்தச் சங்கம் ஆலோசனை சொல்லித் திட்டம் போட்டுக் கொடுத்தது. திட்டத்தில் காற்றாலையோடு டைனமோ, பேட்டரி அறை இருக்கும். கூடவே ஒரு ஆயில் இன்ஜினும் இருக்கும். காற்றை மட்டுமே நம்பிய ஆள் இன்ஜினை ஏன் சேர்த்தார்? காற்று அடிக்காத வாரம் வரும் என்பது வானிலை படித்தவருக்குத் தெரியாதா! இன்ஜின் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துத்தான் ஊருக்குச் சொன்னார்கள்.

1904இல் கிராமத்து மின்பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பை அஸ்கோவில் தொடங்கினார். கிராமத்துப் பிள்ளைகள் வந்து கம்பி இழுக்கவும், பேட்டரி பராமரிக்கவும், டைனமோவைக் கழற்றி மாட்டவும் கற்றுக்கொண்டு போனார்கள். ஊருக்கு ஒருவர் இப்படிக் கிடைத்ததால், பழுது வந்தால் நகரத்து ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் காற்றாலை பேச்சு நடக்கிறதென்றால் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் ஊரிலேயே இருந்தால், இயந்திரம் வாங்கும் முன்பே அவனைப் பயிற்சிக்கு அனுப்ப வழி பாருங்கள். ஆள் இல்லாத ஊரில் முதல் பழுதோடு காற்றாலை நின்றுவிடும். அதேபோல, நம் தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை காற்று தள்ளும், மற்ற மாதங்களில் படுத்துவிடும். ஆடி மாதக் காற்றைப் பார்த்து ஆண்டுக் கணக்குப் போடாதீர்கள். காற்றாடி நிற்கப் போகும் உயரத்தில் ஒரு வருடமாவது காற்றை அளந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

லா கூர் 1908 ஏப்ரலில் அஸ்கோவிலேயே காலமானார். அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. முதல் உலகப் போரில் எண்ணெய் கிடைக்காமல் போனபோது காற்றாலை வைத்திருந்த ஊர்கள் தப்பித்தன. 1918இல் டென்மார்க்கில் சுமார் 120 கிராமத்து மின் நிலையங்களில் காற்றாலை ஓடியது. ஒவ்வொன்றும் 20 முதல் 35 கிலோவாட் வரைதான். போர் முடிந்து எண்ணெய் மலிந்ததும் பல ஊர்கள் இன்ஜினுக்கே திரும்பிவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1904இல் அந்தப் பயிற்சிக்கு வந்த மாணவர்களில் யோஹன்னஸ் யூல் என்பவரும் ஒருவர். வாத்தியார் இறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1957இல், கெட்சர் என்ற கடலோர ஊரில் அவர் மூன்று இறக்கைகளோடு 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார். அது பத்து ஆண்டுகள் ஓடியது. பின்னால் வந்த டென்மார்க் காற்றாலைகளுக்கு அதுவே முன்மாதிரி. 1990 வாக்கில் டென்மார்க் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வந்தன. அடுத்த முறை ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து இறக்கைகளை எண்ணிப் பாருங்கள், மூன்றுதான் இருக்கும்.