யாப்பை விட்டவர், கவிதையை விடாதவர்

தேக்காவில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கைத்தொலைபேசியில் நான்கு வரி எழுதுகிறோம். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. இருந்தாலும் கவிதை என்று சொல்லி, கழகப் போட்டிக்கும் அனுப்பிவிடுகிறோம். இந்தச் சுதந்திரம் நமக்குச் சும்மா கிடைத்ததா?

ந. பிச்சமூர்த்தி 1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் கும்பகோணத்தில் பிறந்தார். இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். முன்பு பிறந்த குழந்தைகள் தங்காததால் பெற்றோர் அவரைப் 'பிச்சை' என்று அழைத்தனர். அதுவே பிச்சமூர்த்தி ஆனது. சட்டம் படித்து வழக்குரைஞரானார். பிறகு கோவில் நிர்வாக அதிகாரியாகப் பணியாற்றினார். துறவியாகும் ஆசையும் அவருக்கு இருந்தது.

முதலில் அவர் பெயர் பெற்றது சிறுகதைகளால்தான். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைப் படித்தபோது, யாப்பு இல்லாமலும் கவிதை நிற்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1934இல் 'காதல்' என்ற கவிதையை 'மணிக்கொடி' இதழில் வெளியிட்டார். அவருடைய நண்பர் கு.ப. ராஜகோபாலனும் அதே வழியில் எழுதினார். இது கவிதையே அல்ல என்று மரபுவாதிகள் மறுத்தனர்.

ஏறத்தாழ அதே காலத்தில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில், வணிகக் கடிதங்களை மொழிபெயர்த்துப் பிழைத்த பெர்னாண்டோ பெசோவாவும் விட்மனால் ஈர்க்கப்பட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1935இல் அவர் இறந்தபோது, பெரும்பாலான எழுத்துகள் அச்சேறாமல் ஒரு பெட்டிக்குள் கிடந்தன.

பிச்சமூர்த்தியின் கவிதைக்கும் அந்த நிலை வந்திருக்கலாம். 1940களின் நடுவில் அவர் கவிதை எழுதுவதையே நிறுத்திவிட்டார். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கி, அவருடைய பழைய கவிதையை மீண்டும் வெளியிட்டார். அதைப் படித்த இளைஞர்கள் புதிய முறையில் எழுத வந்தனர். அறுபதை நெருங்கிய பிச்சமூர்த்தியும் மறுபடி பேனாவை எடுத்தார். 1962இல் அவருடைய 'காட்டு வாத்து' தொகுப்பும், பலருடைய கவிதைகள் அடங்கிய 'புதுக்குரல்கள்' தொகுப்பும் வெளிவந்தன. 1976 டிசம்பர் 4ஆம் நாள் அவர் மறைந்தார். இன்று அவரைப் புதுக்கவிதையின் தந்தை என்கிறோம்.

ஒன்றை நாம் மறக்கக்கூடாது. யாப்பு தெரியாததால் அவர் அதை விடவில்லை. அவருடைய வரிகளுக்குள் பழைய சந்தம் ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்கப்பள்ளியில் குறளை மனப்பாடம் செய்த நாம், இன்று வரியை மடக்கிப் போட்டாலே கவிதை என்று நினைக்கிறோம். அவர் பெற்றுத் தந்த சுதந்திரத்திற்கு நாம் தகுதியானவர்கள்தானா? அடுத்த கவிதையைப் போட்டிக்கு அனுப்புமுன் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.