பட்டம் பெற்ற டார்வின்

பட்டம் பெறுதல் ஒருவாறு எளிது. பெற்ற பின்னர் யாது செய்வதென்று தெளிதல் அரிது. பரீட்சையில் தேறியோர் பெயர்கள் வெளியான நாள்முதல் மாணவனுக்கு வாழ்த்துகளும் விருந்துகளும் ஊர்ப் பயணங்களும் வந்து குவிகின்றன. அவ்வாரவாரத்தின் நடுவே, இனி இவன் என்னாவான் என்னும் வினா வீட்டார் உள்ளத்தும் அவனுள்ளத்தும் மெல்ல எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காணும் சில வாரங்கள் வாழ்நாள் முழுமைக்கும் வழிகோலிவிடுதலும் உண்டு. சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞருக்கு அத்தகைய வாரங்கள் 1831-ஆம் ஆண்டில் வாய்த்தன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டார்வின் இங்கிலாந்து தேசத்து ஷ்ரூஸ்பரி நகரில் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ராபர்ட் டார்வின் அவ்வட்டாரத்தில் பெரும்புகழ் படைத்த மருத்துவர். உயர்ந்து பருத்த உடலும், எதிர்நின்று பேசுவார் தயங்கத்தக்க மிடுக்கும் உடையவர். தாயார் சூஸன்னா, மட்பாண்டத் தொழிலாற் புகழ் எய்திய வெட்ஜ்வுட் குடியில் தோன்றியவர். மைந்தருக்கு எட்டு வயது நடக்கும்போதே அவ்வன்னையார் இறந்தனர். தமக்கையர் தம்பியை வளர்த்து வந்தனர்.

தம் தொழிலையே மகனும் மேற்கொள்ளவேண்டுமென விரும்பிய தந்தையார், 1825-இல் அவரை எடின்பரோ நகருக்கு மருத்துவம் கற்க அனுப்பினார். உணர்விழக்கச் செய்யும் மருந்துகள் வழக்கத்துக்கு வாராத காலம் அது. ஒரு குழந்தைக்குச் செய்த அறுவையைக் காணப் பொறாது டார்வின் வெளியே ஓடினார். பிறகு அப்பக்கம் திரும்பவேயில்லை. இரண்டாண்டில் அப்படிப்பு நின்றது. வேட்டையும் நாய்களுமாகப் பொழுது போக்கும் இம்மகன் குடிக்கு இழிவு தேடுவானோ என்று தந்தையார் உள்ளம் நைந்தார். பின்னர், திருச்சபையில் குருவாக அமர்தற்கு ஆயத்தம் ஆகுக என்று கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்கு 1828-இன் தொடக்கத்தில் அனுப்பிவைத்தார்.

ஆங்கும் டார்வினுடைய பெருவிருப்பம் பாடநூல்களிற் செல்லவில்லை, வண்டுகளிற் சென்றது. ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகளைக் கண்டு கைக்கொன்றாகப் பற்றினார். மூன்றாவதும் தோன்றவே, அதனை விட மனமின்றி வலக்கையில் இருந்ததனை வாயில் இட்டுக்கொண்டார். அது கடுஞ்சாறு உமிழ்ந்து நாவைச் சுட்டது. வாயிலிருந்ததும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. இத்தகைய மாணவரின் மெய்யான திறத்தைக் கண்டுகொண்டவர் தாவர நூற் பேராசிரியர் ஹென்ஸ்லோ. அவர் குருவாகவும் விளங்கியவர். ஆசிரியரும் மாணவரும் நாடோறும் நெடுந்தொலைவு உலாவச் செல்வது அந்நகரத்தார் அறிந்த காட்சியாயிற்று.

1831 ஜனவரியில் டார்வின் பி.ஏ. பரீட்சையில் தேறினார். சிறப்புப் பாடம் எடாதார் 178 பேருள் பத்தாவது இடம் கிடைத்தது. விதிப்படி கல்லூரியில் தங்கவேண்டிய காலம் எஞ்சியிருந்தமையின் மேலும் சில திங்கள் கேம்பிரிட்ஜிலேயே இருந்தார். பரீட்சையென்னும் சுமை இறங்கிய அக்காலம் அவர்க்கு இன்பமாய்க் கழிந்தது. ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பயண நூலைப் படித்து, அதில் வரும் டெனெரீப் தீவைத் தாமும் காணவேண்டுமென்று வேட்கை கொண்டார். நண்பர்களிடம் இடையறாது அத்தீவைப் பற்றியே பேசினார். ஸ்பானிய மொழி பயிலவும் முற்பட்டார். ஆகஸ்டுத் திங்களில் நிலநூற் பேராசிரியர் ஸெட்ஜ்விக் வேல்ஸ் நாட்டு மலைகளை ஆராயச் சென்றபோது டார்வினும் உடன் சென்றார். கற்களையும் மலையடுக்குகளையும் நோக்கும் முறையை அப்பெரியாரிடம் கற்றுக்கொண்டு, பின்னர்த் தனியே திசைகாட்டியைத் துணைக்கொண்டு மலைகளைக் கடந்து, கடற்கரை ஊராகிய பார்மத்தில் கல்லூரித் தோழரைக் கண்டு மகிழ்ந்தார். செப்டம்பர் முதல் நாள் பறவை வேட்டை தொடங்கும். அதற்குத் தாய்மாமன் ஊர் செல்லவேண்டுமென்னும் எண்ணத்தோடு ஆகஸ்டு 29-ஆம் நாள் வீடு திரும்பினார்.

வீட்டில் ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. பீகிள் என்னும் அரசாங்கக் கப்பல் தென் அமெரிக்கக் கரைகளை அளக்கச் செல்லவிருந்தது. அதன் தலைவர் பிட்ஸ்ராய், இயற்கைப் பொருள்களை ஆராயவல்ல ஒருவரைத் துணையாக விரும்பினார். அவ்விடத்துக்குத் தம் மாணவரே தக்கவரென ஹென்ஸ்லோ எழுதியிருந்தார். ஊதியம் இல்லை, செலவைத் தந்தையாரே ஏற்கவேண்டும். டார்வின் உடனே செல்ல விழைந்தார். தந்தையாரோ உடன்படவில்லை. ஆயினும் அவர் கதவை முழுதும் அடைக்கவில்லை. நல்லறிவுடையார் ஒருவரேனும் இப்பயணம் தக்கதென்று கூறின் தாம் இசைவதாகவும் சொன்னார்.

தந்தையின் மனத்துக்கு மாறாகச் செல்லுதல் டார்வினுக்கு இயலாததாயிற்று. மறுநாளே மறுத்து எழுதிவிட்டு, 31-ஆம் நாள் மேர் என்னும் ஊரிலிருந்த தாய்மாமன் ஜோஸையா வெட்ஜ்வுட் வீட்டுக்குக் குதிரைமீது ஏகினார். நம் நாட்டில் நன்மை தீமை இரண்டினும் மருமகனுக்கு முன்னிற்கும் உரிமை தாய்மாமனுடையது. ஆங்கிலேயரிடம் அவ்வழக்கு இல்லையேனும், அன்று நிகழ்ந்தது அதுவே. மருமகன் சொன்னதை முழுதும் கேட்ட மாமன், தந்தையார் கூறிய தடைகளை ஒன்றும் விடாது எழுதித் தருமாறு பணித்தார். அவை எட்டு. குருவாகப் போகின்றவருக்கு இப்பயணம் தகாது; இது வெறும் விபரீத எண்ணம்; முன்னர்ப் பலரிடம் கேட்டு மறுக்கப்பட்ட இடமாயிருத்தல் வேண்டும்; அவர்கள் மறுத்தமையால் கப்பலிலோ பயணத்திலோ குறையுண்டு; இதன்பின் மகன் ஒருநாளும் நிலையான வாழ்க்கையில் அமரான்; கப்பலில் வசதி இராது; மீண்டும் தொழில் மாற்றுவதாக முடியும்; பயனும் இல்லை என்பன அவை.

மாமன் சினந்து எழுதவில்லை. மருமகன் பக்கமே முற்றும் சாய்ந்து புகழுரைகளை அடுக்கவும் இல்லை. ஒவ்வொரு தடைக்கும் நேர்விடை எழுதினார். இயற்கையை ஆராய்தல் குருவாயிருப்பார்க்கு இழுக்கன்று. அரசாங்கம் பழுதுற்ற கப்பலை இவ்வேலைக்கு விடாது. கடலோடிகளும் பின்னர் இல்லறத்தில் அமைதியாய் வாழ்தலைக் காண்கின்றோம். தொழிற்படிப்பில் இவன் ஆழ்ந்திருப்பின் இடையே தடுத்தல் தவறாகும், ஆனால் இப்போது இவன் நாடும் அறிவும் கப்பலில் நாடப்போகும் அறிவும் ஒருவழிப்பட்டனவே. குருத்தொழிற்குப் பயன்படாவிடினும், அறிவு வேட்கையுடைய ஒருவனுக்கு மக்களையும் பொருள்களையும் காண இத்தகைய வாய்ப்பு அரிதினும் அரிது. இவ்வாறு எழுதியதோடும் அமையாது, செப்டம்பர் முதல் நாட்காலை வேட்டைக்குச் சென்றிருந்த மருமகனை அழைப்பித்து, வண்டியில் உடன்கொண்டு ஷ்ரூஸ்பரிக்கே சென்றார். மைத்துனரின் அறிவை நெடுநாளாக மதித்து வந்த தந்தையார் தம் சொற்படியே இசைந்தார். கல்லூரியில் மிகுதியாகச் செலவிட்ட மகன், கப்பலில் அங்ஙனம் செலவழிக்கப் பெருஞ்சாமர்த்தியம் வேண்டுமென்று கூறித் தேற்ற, நீ மிக்க சாமர்த்தியசாலி என்றன்றோ எல்லாரும் கூறுகின்றனர் என்னும் கருத்துப்பட அவர் நகைத்தார்.

பின்னர் நிகழ்ந்தன விரைந்து நிகழ்ந்தன. செப்டம்பர் 5-ஆம் நாள் டார்வின் லண்டனில் பிட்ஸ்ராயைக் கண்டார். முகக்குறி நூலில் நம்பிக்கையுடைய அத்தலைவர், டார்வினின் மூக்கைக் கண்டு இவருக்குப் போதிய ஊக்கம் இராதென ஐயுற்றனர் என்பர். எனினும் விரைவில் மனமொத்தனர். 8-ஆம் நாள் நான்காம் வில்லியம் அரசரின் முடிசூட்டு விழா நிகழ்ந்தது. டார்வின் ஒரு கினி கொடுத்து இடம்பெற்று ஊர்வலத்தைக் கண்டு களித்தார். ஆனால் அதனைத் தொடர்ந்து வந்தவை துயரமான வாரங்கள். பிளிமத் துறையில் கப்பல் புறப்படுதல் தள்ளிக்கொண்டே போயிற்று. வீட்டாரைப் பிரிதலை எண்ணி அவர் வாடினார், நெஞ்சு படபடத்தது. இதயநோய் என்று அஞ்சியும், மருத்துவர் தடுப்பாரோ என்னும் அச்சத்தால் எவரிடமும் காட்டவில்லை. டிசம்பரில் இருமுறை புறப்பட்டும் கடுங்காற்று கப்பலைத் திருப்பியது. கிறிஸ்துமஸ் விழாவில் மாலுமிகள் அளவின்றிக் குடித்தமையால் மறுநாள் நற்காற்றும் வீணாயிற்று. 27-ஆம் நாள் கப்பல் பாய்விரித்தது.

முதல் ஏமாற்றம் விரைவிலேயே வந்தது. பத்து நாட்குள் டெனெரீப் தீவு கண்ணெதிரே தோன்றியது. இங்கிலாந்தில் வாந்திபேதி பரவியிருந்தமையால் பன்னிரண்டு நாள் விலகி நின்றாலன்றிக் கரையேறலாகாதெனத் தீவினர் தடுத்தனர். பிட்ஸ்ராய் காத்திராது கப்பலைச் செலுத்தினார். ஓராண்டாகக் கனவுகண்ட தீவைக் கப்பலில் நின்றவாறே கண்டு டார்வின் நீங்கினார். இரண்டாண்டென்று எண்ணிய பயணம் ஏறக்குறைய ஐந்தாண்டாய் நீண்டது. தென் அமெரிக்கக் காடுகளையும் மலைகளையும் காலபாகஸ் தீவுகளையும் ஆராய்ந்து, 1836 அக்டோபர் 2-ஆம் நாள் தாய்நாட்டில் இறங்கினார். மகனைக் கண்ட தந்தையார், தலையின் வடிவமே மாறிவிட்டதென்று வியந்தனர். குருத்தொழில் எண்ணம் எவரும் விலக்காமலே நழுவிப்போயிற்று. பிற்காலத்தில் கிறிஸ்து சமய நம்பிக்கையும் அவரிடம் மெல்லக் குன்றியது. எனினும் ஹென்ஸ்லோவிடம் அவர் வைத்த அன்பு குன்றவில்லை.

தந்தையார் கூறிய எட்டுத் தடைகளுள் ஐந்தாவதனை ஈண்டு நினைவுகூர்தல் தகும். நிலையான வாழ்க்கையில் அமரான் என்று அஞ்சப்பட்ட அம்மகன், மீண்டதன்பின் பிரிட்டனைவிட்டு ஒருமுறையும் நீங்கவில்லை. 1839 ஜனவரியில் தம் மாமன் மகள் எம்மாவையே மணந்தார். 1842-இல் கென்ட் நாட்டு டவுன் என்னும் சிற்றூரில் குடிபுகுந்து, 1882 ஏப்ரல் 19-ஆம் நாள் இறக்குமளவும் நாற்பதாண்டு அவ்வீட்டிலேயே வாழ்ந்தார். மக்கள் பதின்மரைப் பெற்று, அவருள் மூவரைச் சிறுவயதிலேயே இழந்து வருந்தினார். ஓயாத நோயிடையேயும் நாள்தோறும் குறித்த நேரத்தில் உழைத்து, உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூலை 1859-இல் வெளியிட்டார். அதற்குரிய வித்துகள் பல பீகிள் கப்பலிற் சேர்த்தவை.

நண்பர்களே, தந்தையின் அச்சம் அன்பிற் பிறந்தது. மகனின் வேட்கையும் மெய்யானது. இவ்விரண்டும் மோதி உடைந்திருத்தல் எளிது. ஒருவர் தம் தடைகளை மறையாது கூறினார். மற்றவர் அவற்றை மாற்றாது எழுதினார். மூன்றாமவர் ஒவ்வொன்றுக்கும் நடுநிலையில் நின்று விடை தந்து, தாமே வண்டியேறி வந்தார். நம் கல்லூரியை விட்டு இவ்வாண்டு வெளிச்செல்வார்க்கும் வீட்டில் இத்தகைய நாட்கள் வரும். அப்போது தடைகளை நேர்மையாக எழுதிக்கொண்டு செல்லத்தக்க ஒரு பெரியார் அவர்கட்கும் வாய்ப்பாராக. பட்டம் பெற்று ஆண்டு பல கழித்த பழைய மாணவர்களோ, இளையார் ஒருவர் தம் வாயிலில் வந்து நிற்கும்போது, அன்று ஜோஸையா வெட்ஜ்வுட் செய்ததனைச் செய்வாராக.