கணக்கர் பார்த்த இன்னொரு கணக்கு

கிள்ளானில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க பில், ரசீது, வவுச்சர்தான். எங்கள் கிளைக்கும் நான்தான் பொருளாளர். போன தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு பிளாஸ்டிக் தட்டும் கப்பும் வாங்கிய பில்லில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இருப்பதிலேயே அதுதான் மலிவு. பொருளாளர் வேறு எதைப் பார்ப்பான்? ஜே.சி.குமரப்பாவைப் படித்த பிறகு அந்தக் கையெழுத்து உறுத்துகிறது.

அவரும் நம்ம தொழில்காரர்தான். 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தணிக்கைத் தொழில், கோட்டு சூட்டு. பிறகு அமெரிக்காவுக்குப் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பிரிட்டிஷ் அரசு வரி வாங்கிச் செலவழித்த விதம் இந்தியாவை எப்படி ஏழையாக்கியது என்பதுதான் அவருடைய ஆய்வு. கணக்கைத் தோண்டத் தோண்ட மனுஷன் மாறிப்போனார். 1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். கோட்டு போய் கதர் வந்தது.

1934-ல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்த்தது அவர்தான். காந்தியும் அவரோடு வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியிடமே! எனக்கு அந்தத் தைரியம் வருமா தெரியவில்லை.

அதே ஆண்டு கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளராகி வார்தாவில் மகன்வாடியில் தங்கினார். அங்கே கைக்காகிதம் செய்தார்கள், செக்கில் எண்ணெய் ஆட்டினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாக தாவர எண்ணெயில் எரியும் விளக்கையும் உருவாக்கினார்கள். பார்க்கப்போனால் மண்ணெண்ணெய் விளக்கு வசதிதானே, எதற்கு இந்த வம்பு என்று கேட்கலாம். இங்கேதான் அவருடைய கணக்குப் புத்தி வேலை செய்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும், கடைசியில் அதற்காக நாடுகள் அடித்துக்கொள்ளும். மரமும் எண்ணெய் வித்தும் ஆற்று நீர் மாதிரி. அளவோடு எடுத்தால் அடுத்த வருஷமும் வரும். முதலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அதை லாபம் என்று எழுதினால் எந்தத் தணிக்கையாளர் ஒத்துக்கொள்வார்? நாமோ தினமும் அப்படித்தான் எழுதுகிறோம்.

இதையெல்லாம் விரித்து, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி ஜபல்பூர் சிறையில் ஒரு நூல் எழுதினார். 1945-ல் வெளிவந்தது. கொல்கிற புலி, தோப்பில் பறித்துத் தின்கிற குரங்கு, கூடு கட்டுகிற பறவை, கூட்டுக்காக உழைக்கிற தேனீ, குஞ்சுக்கு ஊட்டுகிற தாய்ப்பறவை என்று மனிதர் பிழைக்கும் வழிகளை அதில் வகைப்படுத்துகிறார். நான் எந்த இனம் என்று யோசித்தேன். குரங்குதான்.

கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி ஆசிரமத்தில் இருந்தார். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார்.

அலுவலகத்தில் இப்போது ஒரு பக்கம் அச்சான தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறேன். ரகசியத் தாள் கலந்துவிடாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. இந்த வருஷமும் பிளாஸ்டிக் தட்டுக்கு விலைப்பட்டியல் வந்திருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பந்திங் பக்கம் வாழை இலை தருகிறவரிடம் விலை கேட்டிருக்கிறேன். கூடத்தான் வரும். செயற்குழுவில் சண்டை நிச்சயம்.