கல்லுக்குள் எறும்பு தேடியவர்

எறும்பைப் பற்றிப் படிக்கப் போய், எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் வில்லியம் மார்ட்டன் வீலர்.

1865-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தார். பள்ளியில் இவர் செய்த சேட்டை தாங்காமல், கண்டிப்புக்குப் பேர்போன ஒரு ஜெர்மன் பள்ளிக்கு மாற்றிவிட்டார்களாம்! 1899-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கேதான் எறும்பு அவரைப் பிடித்துக்கொண்டது. கடைசிவரை விடவே இல்லை. 1908-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1910-ல் எறும்புகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார்.

அடுத்து அவர் கையில் எடுத்தது பால்டிக் கடற்கரை அம்பர். அம்பர் என்றால் என்ன தெரியுமா? மரத்தில் வடிந்த பிசின் மண்ணுக்குள் புதைந்து, இறுகிக் கல் மாதிரி ஆனதுதான். அது வடிந்தபோது மாட்டிக்கொண்ட பூச்சிகள் இன்றும் உள்ளே அப்படியே தெரியும். சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய 9,000-க்கும் மேற்பட்ட எறும்புகளை வீலர் உட்கார்ந்து ஆராய்ந்தார். அம்மாடி, என்ன பொறுமை! 1915-ல் அந்த ஆராய்ச்சி நூல் வெளிவந்தது.

அதில் நம் மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுமே முசுறு, அதன் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்! அன்று ஐரோப்பாவில் வாழ்ந்த அந்த இனம் இன்று அங்கே இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறது.

என்னை யோசிக்க வைத்தது இன்னொரு எறும்பு. அனியூரிட்டஸ் என்ற சின்ன எறும்பு இலங்கைக் காடுகளில் மட்டும் வாழ்கிறது. அதன் பழைய உறவினர்களை வீலர் அம்பரில் கண்டு பெயர் வைத்தார். 1955-ல் எட்வர்ட் வில்சன் என்ற விஞ்ஞானி இலங்கைக்கே போய், உயிரோடு இருந்த அந்த எறும்பைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். அந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது இந்த ஒரே இனம். அதுவும் அழியும் ஆபத்தில் இருக்கிறது. காட்டை வெட்டினால் அதுவும் போய்விடும். அப்புறம் அந்தக் குடும்பத்தைக் கல்லுக்குள் மட்டும்தான் பார்க்கலாம்.

வீலர் 1937-ல் காலமானார். அவர் தேடியது செத்துப்போன எறும்புகளை. ஆனால் உயிரோடு இருப்பதன் அருமையை அவைதான் எனக்குப் புரிய வைத்தன. முசுறு கடித்தால் வலிக்கும்தான். அதற்காக அதன் கூட்டைக் கல்லால் அடிக்காதீர்கள். அது 4 கோடி ஆண்டுப் பரம்பரை!